முகப்பில் நின்றுபோன எண்

கீழவாஞ்சூர் துறைமுகச் சாலையில் பத்து வருஷம் டெய்சி வெறும் குரலாகத்தான் இருந்தாள். லாரிக்காரர்கள் சங்கத்தின் தகரக் கொட்டகைக்குள் ஒரு மேஜை, ஒரு மைக், டோக்கன் நோட்டு. வெளியே, நிலக்கரி ஏற்றக் காத்திருக்கும் லாரிகள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நிற்கும். "முப்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு... கேட்டுக்கு வாங்க" என்று அவள் சொன்னால் எங்கோ தூரத்தில் ஹாரன் ஒற்றையாக ஒலிக்கும். வருகிறேன் என்று அர்த்தம். ஒலிக்காவிட்டால் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். பின்வண்டிக்காரர் இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவார்.

ஹாரனை வைத்தே வண்டியைச் சொல்லிவிடுவாள். நெரவி பூமிநாதனின் ஹாரன் சளி பிடித்த தொண்டைபோலக் கரகரக்கும். நெடுங்காட்டுக்காரர் ஒருவரின் ஹாரன் ஒலிக்க ஆரம்பித்தால் நிற்காது. அவரே இறங்கி வந்து வயரைப் பிடுங்கிவிட வேண்டும். மழைநாளில் தகரக் கூரையின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டுக்குப் போனதும் பேச்சே வராது. கணவர் அருளானந்தம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்து, "இன்னிக்கு எத்தினி நம்பர் போச்சு?" என்று கேட்பார். விரலால் காட்டுவாள்.

அதற்கு முன்பு அவள் காரைக்கால் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்தவள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எட்டு கம்ப்யூட்டர், அவற்றுக்காக ஒரு ஏசி. அந்தக் குளிருக்காகவே வந்து சேர்ந்தவர்கள் உண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கிய மாரிக்கண்ணு இன்றைக்குத் துறைமுகச் சாலையில் சங்கத்தின் கேட்மேன். இன்றும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். சென்டரை மூடியபோது ஒரு கம்ப்யூட்டரை விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லி, சி மொழிப் புத்தகம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தாள். அட்டை போய், பிளாஸ்டிக் கவர் போட்டு அலமாரியில் அது இன்னும் இருக்கிறது.

அந்த மைக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது வீட்டில் அவசரம், விசேஷம் என்றால் முன்னால் இருப்பவர் தன் எண்ணை அவருக்குக் கொடுத்துவிட்டு அவருடைய பின் எண்ணைத் தான் எடுத்துக்கொள்வார். வேண்டியவர் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கொடுக்கிறவர் நேரில் போய்ச் சொல்லக் கூடாது. கொட்டகை ஜன்னலில் வந்து டெய்சியிடம் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார். அவள் மைக்கில், "தொண்ணூறாம் நம்பர் வண்டி, நீங்க இப்ப நாப்பதாம் நம்பர்" என்று மட்டும் சொல்வாள். யார் கொடுத்தது என்று சொல்ல மாட்டாள். நன்றி சொல்லப்போனால்கூடக் கொடுத்தவர் "எனக்கென்ன தெரியும்" என்று பீடியைப் பற்றவைப்பார். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சங்க விதிப் புத்தகத்தில் இல்லை. ஆனால் விதிப் புத்தகத்தில் இருப்பதைவிட ஒழுங்காக நடந்தது.

கொரோனா வந்தது. கொட்டகையில் கூட்டம் கூடாது என்றார்கள். டெய்சி வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பார்த்து ஓர் ஆப் செய்தாள். ஒரு தடவை எழுதினால் போதும். டிரைவர்களின் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், லாரி முதலாளிகளின் ஐபோனிலும் ஓடும். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது. எண் கொடுக்கும் வழக்கத்தையும் மறக்கவில்லை. "கொடு" என்று ஒரு பொத்தான். கொடுத்தவர் பெயர் காட்டாது. அப்புறம் எல்லோரும் திரும்பி வந்தார்கள், மைக் மட்டும் வரவில்லை. ஏதோ கோயில் கமிட்டிக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். கொட்டகையில் இப்போது டெய்சி லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். சாலையில் ஹாரன்கள் ஒலிக்கும். யாருக்காக ஒலிக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது.

போன மாசி மாதம் பூமிநாதன்தான் ஜன்னலுக்கு வந்தார். கையெல்லாம் கரி.

"டெய்சிம்மா, ஒரு நம்பரப் பாக்க எத்தன வேல? பூட்டத் தொறக்கணும், ஆப்பத் தேடணும், அது சுத்தோ சுத்துன்னு சுத்தணும். கரிக் கையில வெரல வச்சா போனு என்னையே யாருன்னு கேக்குது."

"கையத் தொடச்சிட்டு வைங்கண்ணே."

"நாங்க எப்ப கையத் தொடைக்கிறது? போனுக்கு வெளியிலயே தெரியற மாதிரி பண்ணு. மணி தெரியுது, வெயில் எத்தினி டிகிரின்னு தெரியுது, என் நம்பரு தெரியக் கூடாதா?"

அவர் கேட்டது நியாயம். அதற்குப் பெயர் விட்ஜெட் என்று டெய்சிக்குத் தெரியும். போன் முகப்பிலேயே உட்கார்ந்திருக்கும் சின்னக் கட்டம். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தாள். மூன்று மாதம் ஆயிற்று.

ஒரு தடவை எழுதி இரண்டு போனிலும் ஓட்டும் வித்தை முகப்பில் செல்லவில்லை. ஆண்ட்ராய்டின் கட்டத்தை அதன் மொழியில் எழுத வேண்டும், ஐபோனின் கட்டத்தை அதன் மொழியில். இரண்டையும் புதிதாகப் படித்தாள். ஐபோனுக்காகச் சங்கத் தலைவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய மேக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். காலைச் சமையல் முடிந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். அருளானந்தம் பள்ளிக்கூட லேபுக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்ப்பார்.

"நாப்பத்தேழு வயசுல ரெண்டு புது பாஷை. எங்கிட்ட ஒரு பாஷையில நாலு வார்த்த பேசக் கூடாதா?"

"சாவி ஆணியில தொங்குது. போயிட்டு வாங்க."

"அஞ்சு வார்த்த. பரவால்ல."

அவள் புரிந்துகொண்ட வரையில், ஆப்பும் முகப்புக் கட்டமும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் நுழைய முடியாது. நடுவில் ஒரு பொது மாடம் உண்டு. ஆப் அதில் எண்ணை எழுதி வைத்துவிட்டு, "மாறிடுச்சு, பாரு" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்போதுதான் கட்டம் எட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளும். குரல் கொடுக்காவிட்டால் பழைய எண்ணோடு அது பாட்டுக்கு நிற்கும்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை எல்லா டிரைவர்களின் போனிலும் கட்டம் வந்தது. மேலே "உங்கள் எண்", கீழே "இப்போது கேட்டில்". யாரும் விட்ஜெட் என்று சொல்லவில்லை. பொட்டி என்றார்கள். "பொட்டி வந்திருச்சா?" "என் பொட்டி சேப்பு கலரு." இரண்டே நாளில் ஆப்பைத் திறப்பதை எல்லோரும் மறந்தார்கள். டெய்சிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. மைக் போன பிறகு சாலையில் தன்னுடையது என்று சொல்ல ஒன்று கிடைத்திருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பூமிநாதனும் அஜ்மீரும் கொட்டகைக்கு வந்தார்கள். அஜ்மீர் காரைக்கால்காரன், சொந்த லாரி, முப்பத்தைந்து வயதிருக்கும். வாப்பா இல்லை. மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவன் தங்கை இஃபாத்துக்கு நிக்காஹ். அண்ணன் உட்கார்ந்துதான் பெண்ணைக் கொடுக்க வேண்டும். பத்திரிகை சாலையில் எல்லோருக்கும் கொடுத்திருந்தான், டெய்சிக்கும்தான். இன்றைக்கு மத்தியானத்துக்குள் ஏற்றினால் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் இறக்கிவிட்டு விடிவதற்குள் வீடு வந்துவிடலாம். அவனுடைய எண் ஐம்பத்தெட்டு. கரி ஏற்றுவது தினமும் இரண்டு மணியோடு நின்றுவிடும், அதனால் அது அன்றைக்கு வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

"டெய்சிம்மா, இவன் லாரிக்கு அடியில படுத்துக் கெடக்கான்" என்றார் பூமிநாதன். "முப்பத்தொண்ணு போயி முக்கா மணி நேரம் ஆச்சு."

"முப்பத்தொண்ணு உங்க நம்பருல்ல?" என்றான் அஜ்மீர். கேட்டுவிட்டு அவரைப் பார்த்தான். அப்புறம் டெய்சியைப் பார்த்தான். பூமிநாதன் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

டெய்சிக்குப் புரிந்துவிட்டது. காலையில் பூமிநாதன் பொத்தானை அழுத்தியிருக்கிறார். முப்பத்தொன்று அஜ்மீருக்குப் போயிருக்கிறது. அவனுக்குத்தான் தெரியவில்லை.

கேட்டிலிருந்து மாரிக்கண்ணு வந்தான். "முப்பத்தொண்ண மூணு தடவ கூப்பிட்டேன், டீச்சர். ஆள் வரல. தவறினதுன்னு போட்டுட்டேன். இப்ப அவரு நம்பரு தொண்ணூத்தாறு."

"தொண்ணூத்தாறா?" அஜ்மீர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "அது வெள்ளிக்கெழமைண்ணே."

"வண்டிய வுட்டுட்டு நிக்காஹுக்குப் போயிட்டு வா" என்றார் பூமிநாதன்.

"ஆளில்லாத வண்டிய வரிசையிலேருந்து இழுத்துருவாங்க. மூணு நாளா நிக்கிறேன், திரும்பவும் கடேசியிலேருந்து நிக்கணும். ஆலையில நாளைக்குள்ள சரக்கு வரும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப தூங்காம இருந்திருக்கணும்" என்று ஜன்னலுக்கு வெளியே யாரோ சொன்னார்கள். மூன்று நான்கு டிரைவர்கள் கூடிவிட்டிருந்தார்கள். "மாப்ளைக்கு இப்பவே கல்யாணத் தூக்கம்" என்றார் ஒருவர். சிரித்தார்கள். அஜ்மீர் சிரிக்கவில்லை.

சங்க விதி எளிமையானது. ஆள் தவறவிட்டால் கடைசிக்குப் போக வேண்டும். அலுவலகம் தவறவிட்டால் அடுத்த வண்டியாக உள்ளே விட வேண்டும். இத்தனை வருஷத்தில் அலுவலகம் தவறவிட்டது இரண்டே தடவை. இரண்டும் மழையில் மைக் செத்த நாட்கள்.

"போனைக் குடு, தம்பி" என்றாள் டெய்சி.

முகப்பில் பொட்டி இருந்தது. உங்கள் எண் 58. இப்போது கேட்டில் 37. ஆப்பைத் திறந்தாள். உங்கள் எண் 96. அறிவிப்புகளைப் பார்த்தாள், எல்லாம் அமைதியில் இருந்தன.

"கல்யாண குரூப்புல நிமிஷத்துக்கு நாப்பது மெசேஜ்க்கா" என்றான். "அமத்தி வச்சிருந்தேன். நம்பருதான் வெளியவே தெரியுதேன்னு இருந்துட்டேன். லுஹர் தொழுதேன், அம்பத்தெட்டு எங்க வரப்போவுதுன்னு சாஞ்சேன்."

"பழைய போனு, டீச்சர்" என்றான் மாரிக்கண்ணு தாழ்ந்த குரலில். "பேட்டரி மிச்சம் புடிக்கிறேன்னு எதையாவது அமுக்கி வச்சிருப்பாரு. உங்க மேல என்ன இருக்கு?"

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். டெய்சிக்கு அது நன்றாகத் தெரிந்தது. அந்தப் பேச்சை அவள் அப்படியே எடுத்துக்கொண்டால் போதும். யாராலும் மறுக்க முடியாது, போன் பழசுதான். ஒரு டிரைவர் தூங்கிவிட்டார் என்று சாலை ஒரு வாரம் சிரிக்கும், அப்புறம் மறந்துவிடும். பொட்டி நிற்கும். ஒப்புக்கொண்டால், வந்து மூன்று நாள் ஆன ஒரு பொருளை அவள் கையாலேயே பொய் என்று சொன்ன மாதிரி. அறுபது பேரும் அதற்கப்புறம் அதை நம்புவார்களா?

"அண்ணே, உங்க போனையும் குடுங்க."

பூமிநாதன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "எனக்கும் காலையிலேருந்து முப்பத்தொண்ணுன்னே காட்டுது. பொட்டி மெதுவா மாறும்போலருக்குன்னு வுட்டுட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கொடுத்தவர் சொல்லக் கூடாதல்லவா? காதோரம் சிவந்துவிட்டார். யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முகப்பில் 31. ஆப்பில் 58. அவருடையது தீபாவளிக்கு வாங்கிய போன்.

இரண்டு போனிலும் ஒரே தப்பு. டெய்சி லேப்டாப்பைத் திருப்பித் தன் எழுத்தைத் தேடினாள். டோக்கன் போடும்போது எண்ணைப் பொது மாடத்தில் எழுதியிருந்தாள். கேட் எண் நகரும்போதெல்லாம் எழுதியிருந்தாள். தவறினவருக்குக் கடைசி எண் போடும் இடத்திலும் "கொடு" பொத்தான் இருந்த இடத்திலும் ஆப்புக்குள் மட்டும் மாற்றியிருந்தாள். மாடத்தில் எழுதவில்லை, குரலும் கொடுக்கவில்லை. அந்த வழக்கத்தை ஆப்புக்குள் கொண்டுவந்தவளே அவள்தான். பத்து வருஷம் அதை மைக்கில் சொன்ன வாய் அவளுடையது. அங்கேயேதான் தவறவிட்டிருந்தாள்.

"மாரிக்கண்ணு, தவறினதுன்னு போட்டத எடு" என்றாள். "ஆபீஸ் தப்புன்னு போடு. அடுத்த வண்டி அஜ்மீர் வண்டி."

"டீச்சர்..."

"தப்பு என்னோடது. நம்பரு மாறினத நான் பொட்டிக்குச் சொல்லல. அவன் தூங்கலைன்னாலும் தெரிஞ்சிருக்காது."

ஜன்னலில் சிரிப்பு நின்றது. முப்பத்தெட்டாம் எண்காரர், நெடுங்காட்டுக்காரர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அப்ப நான் நிக்கணுமா?"

"ஆமாங்க. ஒரு வண்டி."

"அது கெடக்குது, ஒரு வண்டிதானே. நாளைக்கு எனக்கும் இந்தப் பொட்டி பொய் சொன்னா?"

"சொல்லலாம்" என்றாள். "நான் சரி பண்ற வரைக்கும் அத நம்பாதீங்க. ஆப்பத் தொறந்து பாருங்க."

அவர் அஜ்மீரிடம் திரும்பி, "என்ன மாப்ள, பெஞ்சுல பிரியாணியா போடுறாங்க? வண்டிய எடு" என்றார்.

அஜ்மீர் ஓடினான். அவன் வண்டி கேட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றேகால்.

மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அறிவிப்பு அனுப்பினாள், அஜ்மீர் மாதிரி எத்தனை பேர் அமத்தி வைத்திருக்கிறார்களோ. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கினாள். கரிப்பொடி பறக்கும் வெயிலில் ஒவ்வொரு லாரியாகக் கதவைத் தட்டி, "பொட்டியில ஒரு தப்பு இருக்கு, ஆப்பத் தொறந்து பாருங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வரிசையின் கடைசி வரைக்கும் நடந்ததே இல்லை. ஸ்டவ்வில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த லாரிகள் இருந்தன. ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார், பக்கக் கண்ணாடியில். ஒரு வயசாளி பாதி தூக்கத்தில் எழுந்து அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அட, மைக்கு அம்மா! நீங்க இன்னும் இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன். அதே கொட்டகையிலதான்."

"கொரலே கேக்கலியா, வேல மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தாள்.

திரும்பி வரும்போதே பலர் முகப்பிலிருந்து பொட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். நிறைய பேர் அவளுக்கு எதிரிலேயே செய்தார்கள், கோபமில்லாமல், சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற மாதிரி.

தப்பைச் சரிசெய்ய எழுத வேண்டியிருந்தது இரண்டு வரிதான். கூடவே எண்ணுக்குக் கீழே, அது எத்தனை மணிக்கு மாறியது என்று சின்ன எழுத்தில் காட்டும்படி செய்தாள். மூன்று போன்களை மேஜையில் வரிசையாக வைத்து, எண்ணைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். பதினேழு தடவை. பதினேழு தடவையும் மாறியது. சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அருளானந்தம் கேலி பண்ணவில்லை. "ஒத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். "சரி, கஞ்சி குடி. தொண்ட கட்டியிருக்கு" என்றார்.

வியாழக்கிழமை நிக்காஹுக்குப் போனாள். அஜ்மீர் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டானாம். கண் சிவந்து, வெள்ளைச் சட்டையில், நகக்கண்ணில் கரியோடு பந்தலில் நின்றான். பெண்கள் பக்கம் அவன் உம்மா மெஹர் பானு டெய்சியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் அந்தப் பொட்டிக்காரம்மாவா?"

"ஆமாம்மா. என்னாலதான் லேட்டாச்சு."

"எங்க லேட்டு? இவன் வாப்பா எங்க நிக்காஹுக்கே ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தாரு. கப்பல் வரலன்னாரு. அப்ப யாரு வந்து என்னாலதான்னு சொன்னா? உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போவணும்."

சனிக்கிழமை காலை புதுப் பொட்டி எல்லோருக்கும் போய்விட்டிருந்தது. ஆனால் பிடுங்கிப் போட்டவர்கள் தாமாக எடுத்து வைக்க வேண்டும். பதினோரு மணி வரைக்கும் ஒன்பது பேர்தான் வைத்திருந்தார்கள். டெய்சி லேப்டாப்பில் அந்த ஒன்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் நிழல் விழுந்தது. பூமிநாதன். கையைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"வச்சு வுடு" என்று போனை நீட்டினார்.

அவள் முகப்பை அழுத்திப் பிடித்துப் பொட்டியை எடுத்தாள். மேலே வைக்கப்போனாள்.

"அங்க வேணாம்" என்றார். "அங்க பேத்தி படம் இருக்கு."

"கொஞ்சம் கீழ வைக்கலாம்ண்ணே, எடம் இருக்கு."

"இருக்கட்டும். தள்ளி ரெண்டாவது பக்கத்துல வை. ஒரு மாசம் பாக்குறேன். ஒழுங்கா இருந்துச்சுன்னா நானே முன்னாடி கொண்டாந்துக்கறேன்."

டெய்சி ஒரு தடவை தள்ளி, இரண்டாவது பக்கத்தில் வைத்தாள். உங்கள் எண் 12. பத்து நாற்பதுக்கு மாறியது. அவர் வாங்கிப் பார்த்தார். ஆப்பையும் திறந்து பார்த்தார், அவளுக்கு எதிரிலேயே. இரண்டும் பன்னிரண்டு.

"ம்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார்.